குளோரைடு இல்லாத தண்ணீர்

செய்முறைத் தேர்வு நெருங்கும் மாதங்களில் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் எந்த உப்பைக் கொடுத்தாலும் அது குளோரைடாகத்தான் வரும். பிளஸ் டூ மாணவர் கையில் இருப்பது சல்பேட்டாக இருக்கலாம், நைட்ரேட்டாக இருக்கலாம். கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் போதும். புத்தகம் சொல்லும் 'தயிர் போன்ற வெண்மைநிற வீழ்படிவு' சோதனைக் குழாயில் உடனே திரண்டு நிற்கும். பிள்ளைகள் சந்தோஷமாகக் குளோரைடு என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் செய்த சோதனையில் குறை ஒன்றுமில்லை. உப்பைக் கரைத்த குழாய்த் தண்ணீரிலேயே குளோரைடு இருந்தது. பொன்னேரியில் பேட்டரிக் கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கேன்களில் வாங்கிவந்து, அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டுதான் பகுப்பாய்வு வகுப்பை நடத்துவேன்.

மீஞ்சூர் வட்டாரத்துக்கு அந்தக் குளோரைடு எப்படி வந்தது என்பதைப் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டும் சொல்லிக்கொடுத்தேன். கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்கு அடியில் நல்ல தண்ணீர் நிறைந்து கிடந்த பகுதி இது. 1960களின் இறுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கங்களில் வரிசையாகக் கிணறுகள் போட்டுச் சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். கடலோர நிலத்தடியில் நன்னீர் தன் எடையால் கடல்நீரை வெளியே தள்ளி நிறுத்துகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரைக்கும் உப்புநீர் ஏறாது. அந்த ஓரடியை இறைத்துவிட்டால் நாற்பது அடி பறிபோகும். இறைத்தார்கள், கடல் உள்ளே வந்தது. எங்கள் சோதனைக் குழாயில் திரண்ட வெள்ளைக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பிள்ளை இந்த ஊரில் வேதியியல் படித்து முடிப்பது சரியல்ல என்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

காட்டுப்பள்ளி, களஞ்சி, காட்டூர் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். வரைபடத்தில் காட்டுப்பள்ளி ஒரு மெல்லிய மணல் பட்டை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையின் உப்பங்கழியும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வடக்கே போகப் போகப் பழவேற்காடு ஏரி. அந்தப் பட்டையிலும் அதை ஒட்டியும் எத்தனை வந்து உட்கார்ந்துவிட்டன! அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூரில் நிலக்கரித் துறைமுகம் வந்தது. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனோடு வந்தது. கப்பல் கட்டும் தளமும் அதையொட்டி 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. கடலைப் பார்த்துக்கொண்டிருந்த காட்டுப்பள்ளிக் குப்பம் அதற்காக இடம் பெயர்ந்தது. பெற்றோரின் பழைய முகவரியில் இப்போது வேலியும் காவல் கூண்டும் இருக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிட அதிகம். ஆற்றில் காலை வைத்தால் அடியில் மணலா, சேறா, சாம்பலா என்று சொல்லிவிடுவார்கள். "சாம்பல்னா கணுக்கால் வரைக்கும் புதையும் மிஸ், ஆனா சேறு மாதிரி ஒட்டாது" என்று ஒரு பெண் விளக்கினாள். சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும்தான் பெரும்பகுதி, களிமண்ணைப் போல நீரைப் பிடித்துக்கொள்ளும் அடுக்கமைப்பு அதில் இல்லை என்று நான் கரும்பலகையில் எழுதியது அதற்குப் பிறகுதான். பாடு முறையைப் பற்றியும் அவர்களிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்ன ஊரார் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் பழைய ஒழுங்கு அது. எல்லாருக்கும் பொதுவான நீரை யாரும் ஒட்ட இறைத்துவிடாமல் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதை இந்தக் குப்பங்கள் எப்போதோ யோசித்து முடித்திருந்தன.

ஆய்வுக்குப் போகும் எண்ணம் எனக்குள் எப்போது விழுந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்வேன். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வராமல் நின்றுவிட்ட ஒரு பையனைத் தேடி அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் இல்லை. காண்ட்ராக்டில் மூட்டை தூக்கப் போயிருந்தான். தாத்தா திண்ணையில் கால் நீட்டி, கட்டை விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"குந்துங்க டீச்சரம்மா" என்றவர், கையை நிறுத்தாமலே கேட்டார்: "தண்ணியில கரண்ட்டு வுட்டா காஸ் வருது, அத்த எரிக்கலாம்னு பையன் சொல்றான். மெய்யா?"

வகுப்பில் நான் செய்துகாட்டியதைத்தான் பையன் சொல்லியிருக்கிறான். இரண்டு பென்சில் முனை, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு டம்ளர் தண்ணீர். மெய்தான் ஐயா என்றேன். ஒரு முனையில் ஹைட்ரஜன் வரும், எரித்தால் திரும்பத் தண்ணீராகிவிடும், புகை இருக்காது என்றேன்.

"எந்தத் தண்ணியில வுடுவீங்க? நல்ல தண்ணியிலயா, இந்தத் தண்ணியிலயா?" தலையால் ஆற்றுப் பக்கம் காட்டினார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்தது வந்தது. "அந்தக் கரண்ட்டு எங்கேர்ந்து வரும்? அதோ, அதுலேர்ந்தா?" அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் அங்கிருந்து பார்த்தால் தென்னைக்கு மேல் நிற்கும்.

எந்தத் தண்ணீர், எந்த மின்சாரம். உலகத்தின் ஹைட்ரஜன் ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. மாணவனைத் திரும்ப அழைத்துவர முடிந்தது. கேள்விகள் என்னோடு வந்துவிட்டன.

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கான வயதைக் கடந்திருந்தேன். வீட்டில் ஒரு வருமானம் குறைந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. என் தலைமுறையில் பல ஆசிரியைகள் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து ஆசையை மடித்து வைத்தவர்கள். எனக்கு வீட்டார் தோள் கொடுத்தார்கள். பி. விசுவநாதன், எஸ். சிவசங்கர், ஏ.வி. ராமசுவாமி மூவரும் தொகுத்த வினையூக்கவியல் நூலை இரவுகளில் படித்தேன். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஆழமான வேர் இருக்கிறது என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.வி.சி. சாஸ்திரி ஹைட்ரஜன் ஆற்றலைப் பற்றிப் பேசியபோது நாட்டில் அதைக் கேட்க ஆளில்லை. அங்கேயே 2006இல் தேசிய வினையூக்க ஆய்வு மையம் உருவாக விசுவநாதன் காரணமானார். அதற்கும் வெகுமுன்பே, 1948இல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்திருந்தார். செட்டிநாட்டு வெயிலில் மின்முனைகளுக்காக ஒரு நிறுவனம்! அந்த மனிதரின் தொலைநோக்கை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை.

காரைக்குடி நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்த ஒரு பொருள், குளோரின் தயாரிக்கும் ஆலைகளுக்கான டைட்டானிய நேர்மின்வாய். உப்புநீரில் மின்சாரம் செலுத்தினால் குளோரின் திறமையாக வெளிவர வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. என் ஆய்வின் இலக்கு நேர் எதிர். உப்பு கலந்த நீரில் மின்சாரம் செலுத்த வேண்டும், ஆக்சிஜன் மட்டும் வர வேண்டும், குளோரைடு தொடப்படாமல் அப்படியே இருக்க வேண்டும். ஒரே தண்ணீர், ஒரே மின்சாரம். எது வெளிவரும் என்பதைத் தீர்மானிப்பது மின்வாயின் மேல் பூசியிருக்கும் சில மைக்ரான் கனமுள்ள வினையூக்கி.

அதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். நிக்கல் நுரை என்று ஒன்று உண்டு. துளைகள் நிறைந்த சாம்பல் நிறத் தகடு, கத்தரிக்கோலால் வெட்டலாம். ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, அமிலத்திலும் அசிட்டோனிலும் கழுவி, நிக்கல் உப்பும் இரும்பு உப்பும் யூரியாவும் கரைந்த நீரில் மூழ்கவைத்து, இறுக மூடிய எஃகுக் கலனில் இரவு முழுக்கச் சூடேற்றுவோம். யூரியா சிதைந்து கரைசல் மெல்லக் காரமாகும். நிக்கலும் இரும்பும் அடுக்கடுக்கான ஹைட்ராக்சைடாகத் தகட்டின் மேல் முளைக்கும். காலையில் கலனைத் திறந்தால் சாம்பல் தகடு காவி நிறமாகியிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் காவி முழுவதும் செங்குத்தாக நிற்கும் மெல்லிய தகடுகள். ஆக்சிஜன் பிறப்பது அவற்றின் ஓரங்களில்.

நிக்கலும் இரும்பும் ஏன் என்றால், விலைக்காகவும் அளவுக்காகவும். அமிலச் சூழலில் இயங்கும் மின்பகுப்புக் கலன்களுக்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுவதும் ஓராண்டில் தோண்டி எடுக்கும் இரிடியம் பத்து டன்கூட இல்லை. காரச் சூழலில் இரும்பும் நிக்கலுமே போதும். இதில் இரும்பின் பங்கு வெளிப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. நிக்கல் மின்வாய்கள் பயன்படுத்தப் பயன்படுத்த மேம்படுவதைப் பல காலமாகப் பார்த்துவந்தார்கள். கரைசலில் மாசாகக் கலந்திருக்கும் இரும்பின் சுவடே அதற்குக் காரணம் என்று 1987இல் டெனிஸ் காரிகன் காட்டினார். 2014இல் ஆரிகன் பல்கலைக்கழகக் குழு பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலிருந்து அந்த இரும்பை முற்றிலும் நீக்கிவிட்டு அளந்தது. தூய நிக்கல் மிகச் சுமாரான வினையூக்கிதான் என்று தெரிந்தது. தூய்மைப்படுத்தித் தூர எறியப் பார்த்த பொருளில்தான் செயல் இருந்தது.

குளோரைடுக்கு வருகிறேன். தண்ணீரைப் பிளக்க ஏட்டுக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் அதற்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூடுதலாகக் கொடுப்பதைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை. காரக் கரைசலில், ஆக்சிஜன் வரத் தொடங்கும் மின்னழுத்தத்துக்கும் குளோரைடு ஹைப்போகுளோரைட்டாக மாறத் தொடங்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே ஏறக்குறைய 0.48 வோல்ட் இடைவெளி உண்டு என்று பெர்லினில் பீட்டர் ஸ்ட்ராசரின் குழு 2016இல் வரையறுத்தது. அந்த இடைவெளிக்குள் வேலையை முடிக்கும் வினையூக்கி கடல் உப்பிலும் ஆக்சிஜனை மட்டும் தரும். எல்லை தாண்டினால் ஹைப்போகுளோரைட் உருவாகும், நிக்கல் அரிக்கப்படும், தகடு சாகும். உருவாகிவிட்டதா என்று பார்க்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன. நான் முதலில் எடுப்பது பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் தோய்த்த தாளைத்தான். துளி கரைசலைச் சற்று அமிலமாக்கித் தாளில் வைத்தால், நீலம் வந்தால் எல்லை தாண்டிவிட்டோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை.

இந்தத் துறையில் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகள் மின்னழுத்தத்தை எவ்வளவு குறைத்தோம் என்பதிலேயே போட்டி போடுகின்றன. அளந்தது எந்தத் தண்ணீரில் என்று பார்த்தால், 18.2 மெகா ஓம் தடைகொண்ட மிகத் தூய நீரில், மிகத் தூய காரத்தைக் கரைத்த கரைசல். எவ்வளவு நேரம் என்று பார்த்தால், பல கட்டுரைகளில் சில மணி நேரம், சில நாள். ஓர் ஆலையின் மின்பகுப்புக் கலன் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும். வினையூக்கி வினையில் பங்குகொள்ளும், தான் மாறாது என்று பாடப்புத்தகத்தில் நானே வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறேன். முதல் தோராயமாக அது சரி. ஆய்வுக்கூடத்தில் தெரிவது, ஒவ்வொரு வினையூக்கியும் தேய்கிறது, கரைகிறது, நஞ்சேறுகிறது என்பது. எவ்வளவு மெதுவாகச் சாகிறது என்பதுதான் அதன் தரம். ஆகவே நான் மின்னோட்டத்தை மாற்றாமல் வைத்துவிட்டு மின்னழுத்தக் கோட்டை நாள் முழுக்கப் பார்க்கிறவள். கோடு சமமாக ஓடும். ஒரு நாள் மெல்ல நிமிரும். பிறகு செங்குத்தாக ஏறும். அந்த நிமிர்வு எங்கே தொடங்குகிறது என்பதே என் ஆய்வேடு.

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இப்போது கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க நடைமுறையில் ஐம்பது யூனிட்டுக்குக் குறையாத மின்சாரம் வேண்டும். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயு வெளிவருகிறது. ஆக, நிலக்கரி மின்சாரத்தில் எடுத்த ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குப் பின்னால் நாற்பத்தைந்து கிலோவாவது கரியமில வாயு இருக்கும். இயற்கை எரிவாயுவிலிருந்து இன்று ஆலைகள் எடுக்கும் ஹைட்ரஜனுக்கே பத்து கிலோ அளவில்தான். நிலக்கரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிளப்பது இருப்பதையும் கெடுப்பது. மத்திய அரசு 2023 ஆகஸ்டில் பசுமை ஹைட்ரஜனுக்கு வைத்த வரம்பு, கிலோவுக்கு இரண்டு கிலோ. காற்றாலையும் சூரிய மின்சாரமும் இருந்தாலொழிய அதைத் தொட முடியாது. புகைபோக்கியைக் காட்டிக் கேட்ட அந்த மனிதர் இந்த எண் எதையும் பார்க்காமலேயே சரியான இடத்தில் விரல் வைத்திருந்தார்.

முதல் கேள்விதான் கடினம். தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய், இலக்கு 2030க்குள் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் என்பது சமன்பாட்டிலேயே இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 4,500 கோடி லிட்டர். காட்டுப்பள்ளியில் உள்ளது போன்ற ஒரு நிலையம் முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 3,650 கோடி லிட்டர் தரும். குளிர்விக்க ஆகும் நீரையும் சேர்த்தால் தேவை இரண்டு மூன்று மடங்காகலாம். அப்படியும் இந்தியா முழுமைக்கும் மூன்று நான்கு நிலையங்கள்! மின்சாரக் கணக்கிலும் இதே கதை. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க மூன்று நான்கு யூனிட் போதும். ஒன்பது லிட்டருக்கு ஆவது ஐம்பது யூனிட்டின் பக்கத்தில் தூசு. எனவேதான் துறையில் பலர், கடல்நீரை நேரடியாகப் பிளக்கப் பாடுபடுவது எதற்கு, முதலில் சுத்திகரித்துக்கொண்டால் போகிறது என்கிறார்கள். எண்களை நானும் பலமுறை போட்டுப் பார்த்தேன். எண்கள் சரி.

ஆனால் அந்தக் கணக்கில் தண்ணீர் இவ்வளவு மலிவாக வருவதற்கு ஒரு காரணம், கரையின் விலை எந்தப் பத்தியிலும் ஏறாததுதான். ஒரு பங்கு நன்னீர் எடுத்தால் ஒரு பங்குக்கும் மேலாகச் செறிந்த உப்புநீர் கடலுக்குத் திரும்புகிறது. அது கடல்நீரைவிடக் கனமானது. நன்றாகக் கலக்கிவிடாவிட்டால் அடியில் படியும். இறால் வாழ்வது அடியில். உள்ளிழுக்கும் குழாய்க்கு ஓரிடம், வெளிவிடும் குழாய்க்கு ஓரிடம், சாலைக்கும் வேலிக்கும் ஓரிடம் என்று பட்டை குறுகிக்கொண்டே போகிறது. நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் போகும் அந்தக் கரையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்த வீடுகளுக்குள் நான் போயிருக்கிறேன். உப்பைத் தாங்கும் வினையூக்கி சுத்திகரிப்பின் சுமையைக் கொஞ்சம் குறைக்கும், உப்பை வடிகட்டும் சவ்வு பழுதாகிக் குளோரைடு கசிந்தாலும் கலனைக் காக்கும். அது முழுத் தீர்வாகாது. கொஞ்சம் குறைப்பதும் வேலைதான்.

2023 டிசம்பர் எனக்கு மறக்காது. மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தபோது மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோதும் வாளியால் எண்ணெய் அள்ளிய அதே கரை மக்கள், திரும்பவும் கையால் அள்ளினார்கள். அது முழுதும் அகலும் முன்பே, டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. என் பழைய மாணவி ஒருத்தி சின்னக்குப்பத்தில் அத்தை வீட்டில் இருந்தாள். "மிஸ், லேப்ல காட்டுவீங்களே, அந்த வாசனை. கண்ணு எரியுது. எல்லாரும் ஓடுறாங்க." ஈரத் துணியை மூக்கில் கட்டு, காற்றுக்குக் குறுக்கே நகர் என்றேன். ஒரு பங்கு தண்ணீர் எழுநூறு பங்கு கனஅளவு அமோனியாவைக் கரைத்துக்கொள்ளும். வகுப்பில் நீரூற்றுச் சோதனையாகச் செய்துகாட்டியது அன்று ஒரு துணியாகப் பயன்பட்டது. பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். விடியும்வரை நான் தூங்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு என் துறையின் திட்டங்களை வேறு கண்ணோடு படிக்கிறேன். ஹைட்ரஜனைக் கப்பலில் அனுப்புவது கடினம். அதனால் நைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்கி அனுப்புவதே உலகெங்கும் போடப்படும் திட்டம். நூறாண்டுக்கு முன் ஹேபரும் போஷும் மிட்டாஷும் உருவாக்கிய இரும்பு வினையூக்கியே இதற்கும் போதும். ஹைட்ரஜன் மட்டும் பசுமையாக இருக்க வேண்டும். துறைமுகம் வேண்டும், கடலடிக் குழாய் வேண்டும், சேமிப்புத் தொட்டி வேண்டும். காற்றாலையில் பிறந்தாலும் அமோனியா அமோனியாதான். கண்ணை எரிக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். பசுமை என்ற பெயர் குழாயின் வால்வைப் பராமரித்துவிடாது. இதை நான் கருத்தரங்குகளில் எழுந்து சொல்கிறேன். சிலருக்குப் பிடிப்பதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. என்றாவது அது நடக்கும்போது, எந்தச் சரக்கு, எந்தக் குழாயில், எவ்வளவு அழுத்தத்தில், யார் வீட்டிலிருந்து எத்தனை அடியில் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் அந்தப் பந்தலில் இருக்க வேண்டும். நான் ஆசிரியையாக இருந்ததன் பலன் அதுவாக இருந்தால் எனக்குப் போதும்.

வழக்கமாக உப்பு கலந்த நீர் என்றால் எங்கள் துறையில் சோடியம் குளோரைடைத் தூய நீரில் அளந்து கரைத்துக்கொள்வார்கள். யார் செய்தாலும் ஒரே மாதிரி வரும், ஒப்பிட வசதி. அதோடு கொசஸ்தலைத் தண்ணீரிலும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று என் வழிகாட்டியிடம் கேட்டேன். முழுப் பகுப்பாய்வும் செய்துவிட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் எதனால் என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியாது என்றார். நியாயமான நிபந்தனை.

பழைய மாணவன் ஒருவனின் அப்பா படகில் கூட்டிப்போனார். நீர் வற்றும் நேரம். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குந்தி இரு கையாலும் அடியைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் தூரத்தில் தெரிந்தார்கள். படகுக்காரர் ஒரு கழியை நீரிலிருந்து பிடுங்கிக் காட்டினார். கழி தெரியவில்லை; மேலிருந்து கீழ்வரை கறுப்புச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. காக்கா ஆழி. தென்னமெரிக்கக் கரையிலிருந்து வந்து சேர்ந்த இனம் இது. கத்தியால் சுரண்டி எடுத்து, "இது ஒக்காந்த எடத்துல எறா இல்ல, மஞ்ச மட்டி இல்ல. கால வச்சா அறுத்துடும்" என்றார். பாட்டிலை அந்த நீராலேயே அலசி அலசி நிரப்பிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் வடிகட்டியபோது சவ்வுத் தாளில் மெல்லிய சாம்பல் படிந்தது. காரம் சேர்த்ததும் மக்னீசியமும் கால்சியமும் வெள்ளையாக இறங்கின. அவற்றையும் நீக்கிவிட்டுத்தான் மின்சாரம் கொடுத்தேன். தூய உப்புக் கரைசலில் நாள்கணக்கில் சமமாக ஓடிய கோடு, ஆற்று நீரில் மிக விரைவில் நிமிர்ந்தது. காரணம் குளோரைடு இல்லை. அது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நீரில் கரைந்த கரிமப் பொருளா, சாம்பலிலிருந்து வந்த சிலிக்காவா, வேறு உலோகமா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடைத் தண்ணீர் ஒரு மாதிரி நடக்கிறது, வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய தண்ணீர் வேறு மாதிரி நடக்கிறது. பருவம் ஒரு மாறி என்று எந்தக் கட்டுரையின் அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. என் அட்டவணையில் அது ஒரு பத்தி.

அமோனியா இரவில் என்னைக் கூப்பிட்ட பெண் இப்போது பொன்னேரி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு. விடுமுறையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து இரண்டு நாள் கூடவே நின்றாள். தகட்டை வெட்டினாள், கழுவினாள், அயோடைடு தாள் நீலமாகாததைப் பார்த்துக் கைதட்டினாள். பிஎச்.டி. பண்ண வருவாய்தானே என்று ஆசையோடு கேட்டேன்.

"இல்ல மிஸ். நான் பொல்யூஷன் போர்டு வேலைக்குப் போறேன். சாம்பிள் எடுக்குறவங்க ஊருக்கு வந்தா, எந்த எடத்துல எடுக்கணும்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது அவங்கள்ல இருக்கணும்ல."

அதற்கு எம்.எஸ்சி. வேண்டும் என்றேன். மாநிலக் கல்லூரிக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் எப்போது விண்ணப்பம் தருவார்கள் என்று செல்போனில் குறித்துக்கொண்டாள். நுழைவுத் தேர்வுக்கு மின்வேதியியல் பகுதியை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு.